கரியில் ஓடிய பஸ், மண்ணெண்ணெயில் ஓடும் படகு: ஒரு கார்பரேட்டர் கதை



இந்த எபிசோட் ஒரு கார் இருமினதில் இருந்து ஆரம்பிக்கிறது.

தூத்துக்குடியில் என் நண்பன் வீட்டு ஷெட்டில் அவன் தாத்தாவோட அம்பாசடர் நிற்கிறது. 1972 மாடல், மார்க் 2. தாத்தா உப்பளம் வைத்திருந்தவர். அவர் போன பிறகு வண்டியை விற்க யாருக்கும் மனசு வரவில்லை, தினமும் ஓட்டவும் யாருக்கும் பொறுமை இல்லை. பொங்கலுக்கு, கல்யாணத்துக்கு, பனிமய மாதா கோவில் திருவிழாவுக்கு என்று வருஷத்தில் ஏழெட்டு தடவை வெளியே வரும். கொஞ்ச நாளாக அதுக்கு ஒரு வியாதி. ஸ்டார்ட் ஆகும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இருமும், பானெட்டுக்குள் 'டப்'பென்று ஒரு சத்தம் கேட்கும், நாலு கிலோமீட்டரில் நின்றுவிடும்.

பக்கத்துத் தெருவில் இருந்து ஒரு மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டி வந்தோம். அறுபது தாண்டியவர். அவர் வண்டியை ஸ்டார்ட்கூட பண்ணவில்லை. கார்பரேட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, அந்தப் பெட்ரோலை முகர்ந்து பார்த்தார். அப்புறம் சொன்னார்: "வண்டில ஒரு கோளாறும் இல்ல தம்பி. பெட்ரோல்தான் மாறிட்டு, பாத்துக்கிடுங்க."

எனக்கு அப்போது அது புரியவில்லை. பிறகு தோண்டிப் பார்த்தால், இந்தக் கடற்கரையில் அந்த வாக்கியத்துக்கு எண்பது வருஷ வரலாறு இருக்கிறது. வண்டி அப்படியே இருக்கும், அதுக்கு ஊற்றுவது மாறிக்கொண்டே இருக்கும். கார்பரேட்டரைப் பராமரிப்பது என்றால் பெரும்பாலும் இந்த மாற்றத்தைச் சமாளிப்பதுதான்.

'விண்டேஜ்' என்ற வார்த்தைக்கு ஒரு சின்ன விளக்கம். 1930-க்கு முந்தைய வண்டிகளைத்தான் அப்படிச் சொல்லணும் என்று கார் கிளப்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த பதிவு விதிப்படி, 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் இருக்கிற கார் விண்டேஜ்தான். அந்தக் கணக்கில் தாத்தாவோட அம்பாசடர் பாஸ்.

சரி, கார்பரேட்டர் என்ன செய்கிறது? உங்களில் பாதிப் பேர் ஓட்டும் வண்டியில் அது இல்லை, அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். பெட்ரோல் திரவமாக இருந்தால் எஞ்சினுக்கு உபயோகமே இல்லை. காற்றோடு கலந்து, மூடுபனி மாதிரி உள்ளே போகணும். ஒரு கிராம் பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட 14.7 கிராம் காற்று. இதுக்குக் கூடக் குறைய ஆனால் எஞ்சின் கோபித்துக்கொள்ளும். இந்தக் கலவையை ஒரு கம்ப்யூட்டரும் இல்லாமல், ஒரு சென்சாரும் இல்லாமல், வெறும் காற்றின் வேகத்தை வைத்தே செய்கிற கருவிதான் கார்பரேட்டர்.

எப்படி? குழாயை ஓரிடத்தில் இடுப்பு மாதிரி குறுக்கினால், அந்த இடத்தில் காற்று வேகமாகப் போகும், அழுத்தம் குறையும். அந்த இடுப்பில் ஒரு சின்ன பித்தளைத் துளையை வைத்தால், பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தானாக உறிஞ்சப்பட்டு ஸ்பிரே ஆகும். அந்தத் துளைதான் ஜெட். கிண்ணத்தில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்க ஒரு மிதவை, அதன் மேல் ஒரு ஊசி வால்வு. நம்ம வீட்டு ஃப்ளஷ் டாங்கில் இருக்கிற அதே ஏற்பாடு. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் 1893-ல் கொண்டுவந்தது இந்த ஸ்பிரே முறை. கிட்டத்தட்ட அதே சமயம் ஹங்கேரியில் பாங்கி, சோன்கா என்ற இரண்டு பேரும் இதையே செய்தார்கள். அதுக்கு முன்னால் கார்ல் பென்ஸின் வண்டியில் பெட்ரோல் ஆவியாக ஆவியாக அதைக் காற்று அள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

பென்ஸ் என்றதும் அவர் மனைவி பெர்த்தாவைச் சொல்லாமல் போக முடியாது. 1888-ல், கணவரிடம் சொல்லாமல், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமில் இருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை அந்தக் காரை ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தும் ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். உலகத்தின் முதல் நீண்ட கார் பயணத்திலேயே ரோட்டோர ரிப்பேரும் வந்துவிட்டது, 'இங்கே என்ன கிடைக்குதோ அதை ஊத்து' என்ற கதையும் வந்துவிட்டது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு முதலில் வந்தது மண்ணெண்ணெய்தான். விளக்குக்காக. டின் டின்னாகக் கப்பலில் வந்து இறங்கியது, அதில் பெரும்பகுதி பர்மாவில் இருந்து. 1914 செப்டம்பரில் ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னை மேல் குண்டு போட்டபோது பற்றி எரிந்தது பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள். இன்றைக்கும் ஊரில் சாமர்த்தியசாலியை 'எம்டன்' என்கிறோம். எதை எரித்துவிட்டு அவன் அந்தப் பெயரை வாங்கினான் என்பது மட்டும் மறந்துபோய்விட்டது. பர்மா ஆயிலும் ஷெல்லும் 1928-ல் இந்திய வியாபாரத்துக்காகச் சேர்ந்து பர்மா ஷெல் ஆனது. அம்மாக்களின் தலைமுறை பெட்ரோல் பங்கைப் 'பர்மா ஷெல்' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1976-ல் அதுதான் தேசியமயமாகி பாரத் பெட்ரோலியத்தின் தொடக்கமானது.

ஆக, தூத்துக்குடியிலோ மதுரையிலோ ஒரு கார் ஓட வேண்டும் என்றால் வங்காள விரிகுடாவின் அந்தக் கரையில் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். 1942-ல் எதுவும் சரியாக இல்லை. மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஏப்ரலில், பின்வாங்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷார் யேனாங்யாங் எண்ணெய் வயல்களைத் தாங்களே அழித்துவிட்டுப் போனார்கள். எதிரிக்குக் கிடைக்கக் கூடாதாம். நமக்கும் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்த பெட்ரோல் ராணுவத்துக்கு. பொதுமக்களுக்கு ரேஷன்.

இங்கேதான் திருக்குறுங்குடிக்காரர் ஒருவர் கதைக்குள் வருகிறார். டி.வி. சுந்தரம் அய்யங்கார். 1877-ல் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே, பேங்க் வேலை என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, 1912-ல் மதுரையில் பஸ் விட ஆரம்பித்தவர். டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தின் சொந்தக்காரர். ஓடுகிற பஸ்ஸெல்லாம் பெட்ரோல் இல்லாமல் நிற்கப்போகிறது என்றபோது அவருடைய கம்பெனி ஒரு பொருளைத் தயாரித்து விற்றது: டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். கரியில் பஸ் ஓட்டும் கருவி.

நீராவி எஞ்சின் மாதிரி தண்ணீர் கொதிக்க வைப்பதென்று நினைக்காதீர்கள். பெட்ரோல் எஞ்சின் அப்படியே இருக்கும். பஸ்ஸின் பின்னாலோ பக்கத்திலோ ஒரு உயரமான இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, கீழே தீ வைத்து, காற்றைக் கொஞ்சமாக மட்டும் விட வேண்டும். காற்று பற்றாமல் கரி முழுசாக எரியாது. அப்போது வருவது கார்பன் மோனாக்சைடு. அதோடு கொஞ்சம் ஹைட்ரஜன், பாதிக்கு மேல் ஒன்றுக்கும் உதவாத நைட்ரஜன். இந்த வாயுவைக் குளிரவைத்து, சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, எஞ்சினுக்குள் விட வேண்டும். பெட்ரோலுக்குக் காற்று எடையில் பதினைந்து மடங்கு என்றேன் இல்லையா? இந்தக் கரி வாயுவுக்குக் கிட்டத்தட்ட சம அளவு காற்று போதும். அதனால் கார்பரேட்டரின் குட்டி ஜெட்டுக்கு இங்கே வேலையே இல்லை. அதன் பக்கத்தில் பெரிய வாயுள்ள ஒரு மிக்ஸரைப் பொருத்தினார்கள். ஆனால் கார்பரேட்டரைக் கழற்றிப் போட்டுவிடவில்லை. கரி வாயு வண்டிகளில் பரவலாக இருந்த வழக்கம் இதுதான்: கையில் இருக்கிற கொஞ்சம் ரேஷன் பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பு, கரி கனன்று வாயு ஒழுங்காக வர ஆரம்பித்ததும் வால்வைத் திருப்பு.

இந்த வால்வைத் திருப்புவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

கரி பஸ் ஜாலியான விஷயம் இல்லை. எஞ்சின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கில் இருந்து பாதி வரை போய்விடும். மேட்டில் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டியதுதான். கிளம்புவதுக்கு முன்னால் தீ மூட்டி விசிறிக்கொண்டு நிற்கணும், நடுவழியில் கரி கொட்டணும், ராத்திரி சாம்பலையும் வடிகட்டியையும் சுத்தம் பண்ணணும். சாம்பல் உள்ளே போனால் சிலிண்டர் தேயும். டிரைவருக்கும் கிளீனருக்கும் வேலை இரண்டு மடங்கு. ஜெர்மனியில் போர் முடியும்போது இப்படி ஐந்து லட்சம் வண்டிகள் வரை ஓடின, ஸ்வீடன் நாடே இதில்தான் ஓடியது. தென் தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி, கரிக்குப் பஞ்சமே இல்லை. விளாத்திகுளம் பக்கம் போனால் இன்றைக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் புகைந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காருகிற இடத்தில் போய், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடிவாதமாக உட்கார்ந்துகொள்ளும். மூடின ஷெட்டுக்குள் கரி வண்டியை ஓடவிட்டு நிற்கிறவனுக்குத் தலை வலிக்கும், தூக்கம் வரும், அதோடு சரி.

இந்த இடத்தில் முத்துக்குளிக்கிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆகணும், காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் 1955-ல் இருந்து 1961 வரை வரிசையாக நடந்த முத்துக்குளிப்புதான் கடைசி. அதுவரைக்கும் மூச்சை அடக்கி, கல்லைத் துணைக்கு வைத்து இறங்கியவர்கள். மேலே கயிறு பிடிக்கிறவன் மச்சானாகத்தான் இருக்கணும், அப்போதுதான் தங்கச்சி தாலிக்குப் பயந்து ஒழுங்காகப் பிடிப்பான் என்று ஒரு கதை உண்டு. முத்து போனதும் சங்கு குளிப்பு தொடர்ந்தது. பிறகு அதில் மச்சான் இடத்துக்கு ஒரு மெஷின் வந்தது. படகில் எஞ்சின் சக்தியில் ஓடும் காற்று கம்ப்ரசர், அதில் இருந்து நீளமாக ஒரு டியூப், டியூபின் மறுமுனை கடலடியில் இருக்கிறவன் வாயில். அவன் மூச்சும் எஞ்சினின் புகையும் ஒரே படகில் இருந்துதான் கிளம்புகிறது. புகைக்குழாய் எந்தப் பக்கம், கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் வாய் எந்தப் பக்கம், காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பதெல்லாம் உயிர் விஷயம். எஞ்சினைச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்றால் எனக்கும் உங்களுக்கும் மைலேஜ். அங்கே வேறே.

போர் முடிந்து பெட்ரோல் திரும்பி வந்ததும் கரி உருளைகள் பழைய இரும்புக்குப் போயின. அத்தோடு 'வால்வைத் திருப்புவது' முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அது ரோட்டில் இருந்து கடலுக்கு இறங்கியது.

விடிவதுக்கு முன்னால் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போய் நின்று பாருங்கள். பெரிய வள்ளங்களில் டீசல் எஞ்சின் இருக்கும், அதை விடுங்கள், டீசலில் கார்பரேட்டர் கிடையாது. சின்ன ஃபைபர் படகுகளின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரைக் கவனியுங்கள். தமிழ்நாட்டுக் கரைகளில் 1980-களுக்குப் பிறகு பரவிய மோட்டார்கள் இவை. அதில் நிறைய மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. அரசு மானிய விலையில் படகுக்கு மண்ணெண்ணெய் கொடுப்பதால் அதுதான் கட்டுப்படி ஆகும். ஆனால் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அதை ஊற்றிக் கயிறு இழுத்தால் தோள்பட்டை போகும், எஞ்சின் கிளம்பாது. அதனால் ஒரு சின்ன கேனில் பெட்ரோல் வைத்திருப்பார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்று. 1943-ல் கரி பஸ் டிரைவர் செய்ததே தான்!

சாயங்காலம் கரைக்குத் திரும்பும்போது இதுக்குத் தலைகீழ். நிறுத்துவதுக்குச் சில நிமிஷம் முன்னால் திரும்பப் பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிடணும். அப்போதுதான் கார்பரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தீர்ந்து பெட்ரோல் நிற்கும், மறுநாள் காலையில் ஒரே இழுப்பில் கிளம்பும். சோம்பலில் இதை விட்டவன் அடுத்த நாள் நடுக்கடலில் கார்பரேட்டரைப் பிரித்து உட்கார்ந்திருப்பான். ஸ்பானர் கை நழுவினால் கடலுக்குள். இவ்வளவு பழைய இந்தத் தொழில்நுட்பத்தை இவ்வளவு சிரத்தையாகப் பராமரிக்கிற ஆட்கள் இன்றைக்கு எந்தக் கார் கிளப்பிலும் இருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். இதில் ஒரு நெருக்கடியும் உண்டு. மத்திய அரசு மாநிலங்களுக்குக் கொடுக்கும் மண்ணெண்ணெய் ஒதுக்கீடு குறைந்துகொண்டே வருகிறது. அது கிடைக்காத மாதத்தில் முழுக்கப் பெட்ரோலில் ஓட்டினால் பிடித்த மீனில் பாதி பங்குக்கே போய்விடும்.

ரோட்டில் கார்பரேட்டர் செத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று அந்தக் காலத்து இந்தியக் கார் எல்லாமே கார்பரேட்டர் வண்டிகள்தான். பிரெஞ்சுக்காரர்களின் சோலெக்ஸ் நம்ம மெக்கானிக்குகள் வாயில் தமிழ் வார்த்தை ஆனது. சென்னையில் கார்பரேட்டர்ஸ் லிமிடெட் என்ற பெயரிலேயே ஒரு கம்பெனி இருந்தது. 1985-ல் அது ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து யூகால் நிறுவனத்தைத் தொடங்கியது, மாருதிக்குக் கார்பரேட்டர் கொடுக்க. பிறகு 2000-த்தில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது, கார்களுக்குப் புகைக்கட்டுப்பாடு வந்தது, கார்பரேட்டர் இடத்துக்கு இன்ஜெக்டர் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி அமலானதும் பெரும்பாலான புது பைக்குகளில் இருந்தும் போய்விட்டது. உங்கள் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் ஒன்று புகையை முகர்ந்து பார்த்து, கலவையைத் தானே திருத்திக்கொள்கிறது. அம்பாசடருக்கு அந்த மூக்கு கிடையாது. அதுக்கு மூக்கு வேண்டும் என்றால் அண்ணாச்சி வரணும்.

அவர் முகர்ந்து பார்த்தது எத்தனாலை.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். கரும்பில் இருந்தும் தானியத்தில் இருந்தும் எடுப்பது. வெளிநாட்டு எண்ணெயை நம்பி இருக்காமல் இருக்க அரசு எடுத்த முடிவு. 1942-ஐப் படித்த பிறகு அந்தக் கவலையைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கரி பஸ்ஸிலும் மண்ணெண்ணெய்ப் படகிலும் எரிபொருள் மாறுகிற நேரம் ஓட்டுகிறவனுக்குத் தெரியும், ஏன் என்றால் வால்வைத் திருப்புவதே அவன் கைதான். இந்தத் தடவை வால்வு அவனிடம் இல்லை. அதே பங்க், அதே துப்பாக்கி, அதே நிறம். வண்டி இருமின பிறகுதான் விஷயம் தெரிகிறது.

ஏன் இருமுகிறது? எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அது எரிய 9 மடங்கு காற்று போதும், பெட்ரோல் மாதிரி 14.7 வேண்டாம். 20 சதவீதம் கலந்தால் கணக்கு 13.5 பக்கம் வரும். அதாவது அதே காற்றுக்கு இன்னும் கிட்டத்தட்ட 9 சதவீதம் அதிக எரிபொருள் போகணும். இன்ஜெக்டர் வண்டி அதைத் தானே ஊற்றிக்கொள்ளும். 1972-ல் துளை போட்ட பித்தளை ஜெட்டுக்கு இது எதுவும் தெரியாது. பழைய அளவையே விட்டுக்கொண்டிருக்கும். கலவை நீர்த்துப்போகும், எஞ்சின் சூடேறும், கார்பரேட்டர் வழியாக 'டப்'பென்று திருப்பி அடிக்கும்.

அதோடு நிற்கவில்லை. எத்தனால் தண்ணீரை இழுக்கும். தூத்துக்குடிக் காற்றைப் பற்றி நான் சொல்லணுமா? ஷெட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். மாசக்கணக்கில் நின்ற வண்டியின் டாங்க்கில் எத்தனால் காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து, ஒரு கட்டத்துக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். கார்பரேட்டர் உறிஞ்சுவது அடியில் இருந்துதான். அண்ணாச்சி கிண்ணத்தைக் கவிழ்த்தபோது அடியில் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டியிருந்தது. உலோகம் அரித்து வந்த மாவு. ஊசி வால்வுக்குப் போகும் பழைய ரப்பர் டியூபை வளைத்தார், அது பிஸ்கட் மாதிரி உடைந்தது.

அடுத்து அவர் வேலை செய்ததைப் பார்க்கணுமே. பழைய தினத்தந்தி ஒன்றை விரித்து, கழற்றுகிற வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்தார். மிதவையைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார், உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் 'களக்' என்கும். ஊசியின் முனையில் தேய்மானம் வளையம் மாதிரி தெரிகிறதா என்று நகத்தால் தடவினார். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நான் உதவுகிறேன் பேர்வழி என்று பக்கத்தில் கிடந்த ஒரு மெல்லிய கம்பியை எடுத்து நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார்.

"கம்பிய விட்டீங்கன்னா ஜெட்டு செத்துரும் தம்பி. வாயால ஊதுங்க, இல்ல பஞ்சர் கடைல காத்து பிடிங்க."

பெர்த்தா பென்ஸின் ஊசிக் கதையைச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. அவர் குத்தியது குழாயை, ஜெட்டை இல்லை. ஜெட்டில் ஒரு நம்பர் பொறித்திருப்பார்கள். 115 என்றால் துளை 1.15 மில்லிமீட்டர். கம்பி ஒரு தடவை உரசினாலே அந்த நம்பர் பொய்யாகிவிடும், வெளியே இருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது.

அண்ணாச்சியிடம் ஒரு பழைய கோபால் பல்பொடி டப்பா இருந்தது. நாற்பது வருஷமாகச் சேர்த்த ஜெட்டுகள் அதில். அம்பாசடரில் இருந்து, பத்மினியில் இருந்து, பழைய இரும்புக் கடைக்குப் போன வண்டிகளில் இருந்து. கிளறி ஒரு 120-ஐ எடுத்தார். நான் அப்புறம் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 115-ல் இருந்து 120-க்குப் போனால் துளையின் பரப்பு கூடுவது கிட்டத்தட்ட 9 சதவீதம். அவர் எந்த ரசாயனக் கணக்கும் போடவில்லை. எப்படி முடிவு பண்ணினீங்க என்று கேட்டால், ஸ்பார்க் பிளக்கைக் காட்டினார். முனை வெள்ளை வெளேர் என்று இருந்தது. "கருப்பா இருந்தா பெட்ரோல் கூடுதல், வெள்ளையா இருந்தா பத்தல. கருப்பட்டிக் காப்பி நெறத்துக்கு வரணும்."

புது டியூப், புது கேஸ்கட். டாங்க்கை முழுசாக வடித்துக் கழுவினார். எல்லாவற்றையும் மாட்டி, எஞ்சினைக் கிளப்பி சூடாக விட்டார். அப்புறம் ஐடிலிங் ஸ்க்ரூவை உள்ளே திருகிக்கொண்டே போனார், எஞ்சின் திணற ஆரம்பித்தது, அங்கே இருந்து மெதுவாக வெளியே திருகினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னும் கால் சுற்று. இன்னும் கொஞ்சம். ஒரு இடத்தில் கையை எடுத்துவிட்டார். நண்பன் ஆக்சிலரேட்டரை மிதித்தான், வண்டி இருமவில்லை.

அவர் பையன் இன்ஜெக்டர் வண்டி பார்க்கிறானாம், லேப்டாப்பும் ஸ்கேனரும் வைத்து. நல்ல வருமானம். டப்பாவை என்ன செய்வீங்க என்று நண்பன் கேட்டான். "நீங்க கேட்டா தாரேன், மொதல்ல பிளக்கு பாக்கப் படிங்க" என்றார். கிளம்பும் முன் அவர் சொன்ன வேலைகள்: மாசக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, வண்டி தானாக நிற்கிற வரை ஓடவிடணும், கிண்ணம் காய்ந்து இருக்கணும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துத் திருச்செந்தூர் ரோட்டில் ஒரு சுற்று. ரப்பர் டியூபை வருஷம் ஒருமுறை வளைத்துப் பார்க்கணும்.

பானெட்டை மூடும் முன் அதன் உட்பக்கத்தில் சாக்பீஸால் '120' என்று பெரிதாக எழுதினார், அடுத்து திறக்கப் போகிறவனுக்காக. அதன் பக்கத்தில் வேறே யாரோ, ரொம்ப காலத்துக்கு முன்னால், பெயின்ட்டில் எழுதிய ஒரு '115' மங்கலாக இருந்தது.